சர்நேம் இல்லாதவன் அரை மனிதனா?

2022 நவம்பர் மாதம் ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டிராவல் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பின. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை ஐக்கிய அரபு அமீரகம் விசிட் விசாவில் உள்ளே விடாது என்பது அதன் சாரம். 'கிவன் நேம்' கட்டத்தில் பெயர் இருந்து 'சர்நேம்' கட்டம் காலியாக இருந்தால் அவர் ஏற்கத்தக்க பயணி இல்லையாம். தமிழ்நாட்டில் அந்தக் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. டிக்கெட் எடுத்து, விசா வாங்கி, பெட்டியும் கட்டி வைத்திருந்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஏஜென்ட் கடைகளுக்கு ஓடினார்கள். ஓரிரு நாட்களில் ஒரு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதுமாம்.

அதாவது அப்பா பெயர் ஆரம்பத்திலிருந்தே அந்தப் புத்தகத்துக்குள்தான் இருந்தது. யாரும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் தமிழர்களிலேயே ஒரு கூட்டம் கிளம்பி வரும். "உலகமே சர்நேம் வைத்திருக்கிறது, நமக்கு மட்டும் என்ன இந்த இனிஷியல் பைத்தியம்? நாகரிகமாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டால் குறைந்தா போய்விடும்?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. உலகமே சர்நேம் வைத்திருக்கிறது என்பது ஒன்று. சர்நேம் என்பது நாகரிகத்தின் இயற்கையான விளைச்சல் என்பது இன்னொன்று. முதல் பொய்யைவிட இரண்டாவது பெரிய பொய் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

குடும்பப் பெயர் வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலான நாடுகளில் அது வரி வசூலிக்கிறவனும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவனும் போட்ட சூடு. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1998-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஓர் ஊரில் பத்து முருகன் இருந்தால் ஊர்க்காரனுக்குப் பிரச்சினையே கிடையாது. மேலத்தெரு முருகன், கொல்லன் மகன் முருகன், நெட்டை முருகன் என்று அவன் பாட்டுக்குப் பிரித்துக்கொள்வான். வெளியூரிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வருகிற அதிகாரிக்குத்தான் தலை சுற்றும். சர்நேம் அந்த அதிகாரியின் தலைவலிக்குக் கண்டுபிடித்த மாத்திரை.

பிலிப்பைன்ஸில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஸ்பானிய ஆட்சியில் கிறித்தவரானவர்கள் 'தெ லா குருஸ்', 'தெ லோஸ் சாந்தோஸ்' என்று சிலுவை பெயரையும் புனிதர்கள் பெயரையும் இஷ்டத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. வரிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1849 நவம்பரில் கவர்னர் நர்சிசோ கிளாவேரியா ஓர் ஆணை போட்டார். சுமார் 61,000 பெயர்கள் அகர வரிசையில் அடங்கிய ஒரு பட்டியல் புத்தகம் தயாரானது. அதன் பக்கங்கள் மாகாணம் மாகாணமாக, ஊர் ஊராகப் பங்கு போடப்பட்டன. சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள்தான் போய்ச் சேர்ந்தன. ஆல்பை மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊரில் இன்றைக்கும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. ரேஷன் கடையில் சர்க்கரை போடுவது போலப் பெயர் போட்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரரின் ஸ்பானியப் பெயரைப் பார்த்து "இவருக்கு ஸ்பானிய ரத்தம் இருக்கும்" என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டும். அங்கே இருப்பது ஸ்பானிய ரத்தமல்ல, ஸ்பானிய ஸ்டேஷனரி.

துருக்கியில் 1934-ல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தது. அதுவரை பெரும்பாலோர் இன்னார் மகன் இன்னார்தான். இரண்டு வருடத்துக்குள் ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதிகாரி கொடுப்பான். முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றமே சட்டம் போட்டு 'அத்தாதுர்க்', அதாவது துருக்கியரின் தந்தை என்று பெயர் கொடுத்தது. வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள் வீரமாக ஏதாவது எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர் 'யில்மாஸ்', அஞ்சாதவன் என்று பொருள். அப்புறம் 'காயா' என்றால் பாறை, 'தெமிர்' என்றால் இரும்பு. வேடிக்கை இதோடு முடியவில்லை. அர்மீனிய, கிரேக்க, பாரசீக விகுதிகள் கூடாது, பழங்குடிப் பெயர்கள் கூடாது என்று விதி இருந்தது. குர்து இனத்துக் குடும்பங்கள்கூட 'அசல் துருக்கியன்' என்று பொருள்படும் 'ஓஸ்துர்க்' போன்ற பெயர்களைச் சுமக்கும்படி ஆனது. பெயர் கொடுப்பது என்ற பெயரில் அடையாளத்தைப் பறிப்பது எப்படி என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

ஜப்பானில் சாமானியர்களுக்குக் குடும்பப் பெயர் 1870-ல் அனுமதிக்கப்பட்டது, 1875-ல் கட்டாயமாக்கப்பட்டது. தாய்லாந்தில் 1913-ல் சட்டம். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த மன்னர் வஜிராவுத் தன் கையாலேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெயர் சூட்டினார். (ஆனால் தாய்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் ஒருவரை ஒருவர் முதல் பெயரால்தான் அழைக்கிறார்கள். சர்நேம் அரசாங்கத்துக்கு, பெயர் தங்களுக்கு என்று தெளிவாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.) ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-ல் யூதர்களுக்கு ஜெர்மன் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார். நெதர்லாந்துக்கு 1811-ல் நெப்போலியன் செய்தான். சுவீடனில் 1901 வரை கிராமத்து ஆட்கள் அப்பா பெயரோடு 'சன்' சேர்த்துத்தான் எழுதினார்கள், மகளாக இருந்தால் 'டாட்டர்'. அதைக் குடும்பப் பெயராக உறைய வைத்ததால் இன்று சுவீடன் பெண்கள் தலைமுறை தலைமுறையாக 'ஆண்டர்ஸின் மகன்' என்று கையெழுத்துப் போடுகிறார்கள். யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. தமிழ்ப் பெண் 'கே.மீனாட்சி' என்று எழுதினால் மட்டும் "கே என்றால் என்ன?" என்று விசாரணை.

பிரிட்டனுக்குள்ளேயே வேல்ஸ் இருக்கிறது. வேல்ஸ்காரர்களின் பழைய முறை அப்படியே தமிழ் முறைதான், 'ஆப்' என்றால் மகன். ஆப் ஹவல், ஆப் ரீஸ் என்று எழுதினார்கள். 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிர்வாகமும் நீதிமன்றமும் முழுதாக உள்ளே நுழைந்த பிறகு ஆப் ஹவல் 'பவல்' ஆனார், ஆப் ரீஸ் 'பிரைஸ்' ஆனார். ஜான் மகன்களெல்லாம் ஜோன்ஸ் ஆனார்கள். அடையாளம் காணச் சுலபமாக இருக்கும் என்று செய்த ஏற்பாட்டில், கடைசியில் ஊருக்கு ஊர் ஜோன்ஸாகி, 'பால்கார ஜோன்ஸ்', 'தபால்கார ஜோன்ஸ்' என்று மறுபடியும் பட்டப்பெயர் வைத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. மாத்திரையே தலைவலியானது.

கொரியாவில் இது உச்சம். 2015 கணக்கெடுப்பின்படி தென் கொரியர்களில் 21.5 சதவீதம் பேர் கிம், 14.7 சதவீதம் பேர் லீ, 8.4 சதவீதம் பேர் பார்க். மூன்றே பெயர்கள் ஏறக்குறைய பாதி நாட்டை முடித்துவிடுகின்றன. வியட்நாமில் நூயென் மட்டுமே சுமார் 38 சதவீதம். சர்நேம் ஆளை அடையாளம் காட்டுகிறது என்று சொல்கிறவர்கள் சியோலில் போய் "மிஸ்டர் கிம்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கட்டும்.

ஆனால் கொரியக் கதையில் சிரிப்பைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஏன் எல்லோரும் கிம்? பழைய ஜோசொன் ஆட்சியில் மேட்டுக்குடியினருக்குத்தான் குடும்பப் பெயரும் வம்சாவளிப் புத்தகமும். அடிமைகளுக்கும் கடைநிலையில் இருந்தவர்களுக்கும் வெறும் பெயர்தான். பணம் சேர்த்தவர்கள் நொடித்துப்போன மேட்டுக்குடி வீட்டு வம்சாவளியில் தங்கள் பெயரை விலை கொடுத்து எழுதிக்கொண்டார்கள். 1894-ல் அந்தஸ்துப் பிரிவுகளும் அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தன. 1909-ல் எல்லோரும் குடும்பப் பெயரோடு பதிவு செய்தாக வேண்டும் என்று வந்ததும், அதுவரை பெயர் மறுக்கப்பட்டவர்கள் இருப்பதிலேயே பெரிய பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சர்நேம் என்பது சாதிச் சான்றிதழாக இருந்த நாட்டில், எல்லோரும் ஒரே சான்றிதழை எடுத்துக்கொண்டு அதைச் செல்லாக் காசாக்கிவிட்டார்கள்! கொரியாவிலிருந்து தமிழர்கள் கற்றுக்கொள்ள ராணி கதை, சொல் ஒற்றுமை என்று மின்னஞ்சலில் சுற்றுகிற சமாச்சாரங்களைவிட இது உருப்படியானது.

இனி முதல் பொய். உலகமே சர்நேம் வைத்திருக்கிறதா? ஐஸ்லாந்து இருக்கிறது. கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர் வாழும் நாடு, படிப்பிலும் வசதியிலும் யாருக்கும் குறைந்ததில்லை. அங்கே அப்பா பெயரோடு 'சொன்' அல்லது 'டோட்டிர்' சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். அம்மா பெயரையும் சேர்க்கலாம். 1925-லேயே சட்டம் போட்டு, புதிதாகக் குடும்பப் பெயர் எடுப்பதைத் தடை செய்துவிட்டார்கள். டெலிபோன் டைரக்டரியே முதல் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். 1980-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி விக்டிஸ் ஃபின்போகடோட்டிரை நாடே விக்டிஸ் என்றுதான் அழைத்தது. ஃபின்போகி அவர் அப்பா. அவ்வளவு தெளிவு.

பர்மாவின் ஊ தாண்ட் 1961-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு வந்தார். அவர் பெயர் தாண்ட் மட்டும்தான். 'ஊ' என்பது மரியாதைக்குச் சொல்கிற 'ஐயா' மாதிரி. இந்தோனேசியாவை சுகர்னோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயரோடுதான் ஆண்டார்கள். (2022-ல் அங்கேயும் புதிதாகப் பதிவாகும் பெயர்கள் குறைந்தது இரண்டு சொல்லாக இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பாஸ்போர்ட் பூதம் அவர்களையும் பிடித்துவிட்டது.) மங்கோலியாவில் 1920களில் கம்யூனிஸ்டு அரசு குலப்பெயர்களைத் தடை செய்து, 1990களில் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. இரண்டு மூன்று தலைமுறை கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்? கூட்டம் கூட்டமாக செங்கிஸ் கானின் குலப்பெயரான 'போர்ஜிகின்' எடுத்துக்கொண்டார்கள். 1981-ல் விண்வெளிக்குப் போய் வந்த குர்ரக்சா 'சன்சார்', அதாவது பிரபஞ்சம் என்பதைத் தன் குலப்பெயராக வைத்துக்கொண்டார். அவர் ஒருவர்தான் நேர்மையாகச் சம்பாதித்த சர்நேம் வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன், மலேசியாவில் இருபது லட்சம் இந்திய வம்சாவளியினர் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் அடையாள அட்டையில் 'முனியாண்டி ஏ/எல் கருப்பையா' என்ற மாதிரி இருக்கும். ஏ/எல் என்றால் மலாய் மொழியில் இன்னார் மகன், ஏ/பி என்றால் மகள். மலாய்க்காரர்களே 'பின்', 'பிந்தி' போட்டு எழுதுகிறவர்கள் என்பதால் அந்த அரசாங்கத்துக்கு இது விசித்திரமாகத் தெரியவில்லை. பெயருக்கு ஒரே ஒரு கட்டம். தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே இந்தச் சர்நேம் தொல்லை இல்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருக்கிறது.

தமிழர் முறை நேற்று முளைத்ததும் அல்ல. சங்கப் பாடல் பாடியவர்களில் ஒருவரின் பெயர் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்'. ஊர், அப்பா, பெயர். இதைச் சுருக்கினால் 'ம.க.நக்கீரன்', இரண்டு இனிஷியல் போட்ட அசல் தமிழன்! இன்னொருவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஊர், சேரி, உடல் அடையாளம், பெயர் என்று தபால்காரன் தேடி வர வசதியாகவே இருக்கிறது. அரசர்களுக்குச் சேரமான், அதியமான் என்று குடிப்பெயர் இருந்தது உண்மைதான். சொத்தும் சிம்மாசனமும் கைமாறுகிற இடத்தில்தான் குடிப்பெயருக்கு வேலை. சாதாரண மனிதனுக்கு அது தேவைப்படவில்லை.

அரசாங்கம் நடத்த சர்நேம் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகலாம். ராஜராஜன் காலத்தில் அங்கே குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்ப் பட்டியல் கல்லில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நானூறு பேருக்கும் சம்பளம் போய்ச் சேர சர்நேம் தேவைப்படவில்லை.

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதுதான். தாத்தா பெயரைத் தாங்கியவன். பெயர் ஒரு தலைமுறை தாண்டித் திரும்பி வரும் சுழற்சி முறை அது. இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் இருக்கிறது. 1930-ல் நோபல் பரிசு பெற்ற சி.வி.ராமனின் அப்பா பெயர் சந்திரசேகர ஐயர். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர் ராமனின் அண்ணன் சுப்பிரமணியன் மகன், தாத்தா பெயரையே வைத்துக்கொண்ட எஸ்.சந்திரசேகர். ஒரே வீட்டில் இரண்டு நோபல் பரிசு. குடும்பப் பெயர் பொதுவாக இல்லாததால் ராமன் மகன் சின்ன ராமன், ராமன் தம்பி இன்னொரு ராமன் என்ற வாரிசுக் கணக்கு அங்கே நடக்கவில்லை. சித்தப்பா நிழலில் நிற்காமல் தன் பெயரில் அறியப்பட்டார் சந்திரசேகர். 1999-ல் அமெரிக்கா அனுப்பிய எக்ஸ்-ரே தொலைநோக்கி 'சந்திரா' சுற்றுவது அவருடைய சொந்தப் பெயரில்தான்.

மாறாக, சர்நேம் பெட்டிக்குள் தமிழ்ப் பெயரைத் திணித்தால் என்ன ஆகிறது? உலக செஸ் சாம்பியனாக இருந்த ஆனந்தை வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல வருடம் 'விஸ்வநாதன்' என்று, அதாவது அவர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன. 2009-ல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனில் ராமகிருஷ்ணன் அவர் அப்பா. பரிசு வாங்கினவர் வெங்கட்ராமன், செய்தியில் வருவது 'டாக்டர் ராமகிருஷ்ணன்'. அப்பாவும் விஞ்ஞானி என்பதால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம்! அமெரிக்க விசாவிலோ, பாஸ்போர்ட்டில் கிவன் நேம் காலியாக இருந்தால் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அதையே பெயர் என்று எண்ணி, வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் "ஹலோ ஃப்னு" என்று கடிதம் வரப்பெற்ற மாணவர்கள் ஏராளம். பெற்று, பெயர் வைத்து, காது குத்தி, பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கு விமானம் ஏறியதும் பெயர் தெரியாதவன் என்று பெயர்.

இதுவரை சொன்னது எரிச்சல் மட்டும். இனிதான் ஆபத்து.

காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று யோசிக்கும்போது இந்தியாவில் தயாராகக் காத்திருப்பது சாதிப் பெயர். இந்தியாவில் சர்நேம் என்று புழங்குவதில் பெரும் பகுதி அதுதான். சர்மா, ரெட்டி, படேல், பானர்ஜி, நாயர் என்று பெயரைச் சொன்ன நொடியிலேயே ஆள் எந்தப் படியில் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். பெயரிலேயே படிநிலை வைக்கச் சொல்வது மனுஸ்மிருதி. பிராமணன் பெயரில் மங்கலம், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு தெரிய வேண்டும் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே அது சட்டம் வகுக்கிறது. சூத்திரனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதி சொல்ல வேண்டியதில்லை. நல்ல பெயர் வைத்ததற்காக அடி வாங்கியவர்களும், பள்ளி ரிஜிஸ்டரில் ஒரு பெயர், ஆண்டை வீட்டு வாசலில் ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். காத்தவராயன் என்று பிறந்த ஒருவர் தன் ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். அப்பா பெயர், குலப் பெயர் எதுவும் இல்லை, பாடம் சொல்லிக் கொடுத்தவர் பெயர்! எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அடங்கும் இது?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஈ.வெ.ராமசாமி 'நாயக்கர்' என்ற வாலை வெட்டி எறிந்தார். அப்புறம் நடந்தது இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத விஷயம். முப்பது நாற்பது வருடத்துக்குள் முதலியாரும் பிள்ளையும் செட்டியாரும் கவுண்டரும் ஐயரும் பெரும்பாலான புதிய பெயர்களிலிருந்து காணாமல் போனார்கள். சட்டம் போட்டு அல்ல, வெட்கப்பட வைத்து. இன்று ஒரு தமிழ் இளைஞன் 'ஆர்.செந்தில்' என்று சொன்னால் எதிரே இருப்பவனுக்கு அவன் சாதி பெயரிலிருந்து கிடைக்காது. 1699-ல் கால்சா அமைத்தபோது எல்லா ஆண்களுக்கும் சிங், எல்லாப் பெண்களுக்கும் கவுர் என்று சீக்கியர்கள் முயன்றதும் இதைத்தான். அங்கே இன்று சிங்குக்குப் பின்னால் குலப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டம் காலியாக இருந்தால் பழையது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு அது சாட்சி.

கடல் தாண்டிப் போன தமிழர்களிடமும் சாட்சி இருக்கிறது. 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் சந்ததியில் இன்று பிள்ளை, மூட்லி, கவெண்டர், படையாச்சி என்ற சர்நேம்கள் டர்பன் முழுக்க இருக்கின்றன. முதலியும் கவுண்டரும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்த லட்சணம். தமிழ்நாட்டில் உதிர்ந்த வால் அங்கே சர்நேம் கட்டத்தில் பத்திரமாகப் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பர்களுக்கு இந்த விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. 'லிட்டில்' என்பது அடிமை எஜமானன் கொடுத்த பெயர் என்று சொல்லி அந்த இடத்தில் வெறும் 'எக்ஸ்' போட்டுக்கொண்டார் மால்கம். 1964-ல் காஷியஸ் கிளே முகமது அலி ஆனதும் அதே காரணம் சொல்லித்தான்.

தமிழ்நாட்டிலோ காற்று எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. விசா படிவத்துக்காக என்று ஆரம்பித்து, குழந்தை பிறப்புச் சான்றிதழிலேயே தாத்தா காலத்துச் சாதிப் பட்டத்தை 'ஃபேமிலி நேம்' என்று நாகரிகமாகச் சேர்க்கிறார்கள். சமூக வலைத்தளங்களில் இருபது வயதுப் பையன்கள் பெயருக்குப் பின்னால் தாத்தா வெட்கப்பட்டு விட்ட வாலை மறுபடி ஒட்டிக்கொண்டு மீசை முறுக்குகிறார்கள். வேறு மாநில நடிகைகளின் நாயரும் மேனனும் ஐயரும் போஸ்டரில் வந்து வந்து, அது ஏதோ ஸ்டைல் என்ற எண்ணம் பரவிவிட்டது. 2023-ல் 'வாத்தி' படம் வெளியான சமயத்தில் மலையாள நடிகை சம்யுக்தா தன் பெயரோடு 'மேனன்' சேர்க்க வேண்டாம் என்று சொன்னார். கேரளத்துப் பெண் கழற்றி வைத்த நேரத்தில் தமிழ்நாட்டுப் பையன் மாட்டிக்கொள்கிறான் என்றால் அதை முன்னேற்றம் என்று யாராவது சொல்ல முடியுமா?

இனிஷியல் போட்டால் சாதி ஒழிந்துவிடுமா என்று ஒரு கேள்வி வரும். ஒழியாது. ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது, கறி சாப்பிடுவீர்களா என்று நாலு கேள்வியில் விஷயத்தைக் கறந்துவிடுகிற திறமைசாலிகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் அந்த நாலு கேள்வியைக் கேட்கும்படி அவனை வைத்ததே ஒரு வேலைதான். நேர்முகத் தேர்வுக்கு வரும் விண்ணப்பக் கட்டில், விடைத்தாளின் மேல் மூலையில், வீட்டுக்காரரிடம் தரகர் சொல்லும் பெயரில் சாதி தானாக வந்து நிற்காமல் இருப்பது சின்ன விஷயமல்ல. சந்தேகம் இருந்தால் வடக்கே வாடகைக்கு வீடு தேடிய தலித் மாணவர்களிடம் கேட்கலாம். பீகாரில் அத்தனை 'குமார்' ஏன் இருக்கிறார்கள் என்றும் யோசிக்கலாம்.

இனிஷியலுக்கு வேறு ஒரு நோய் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அது அப்பாவின் சொத்தாகவே இருந்துவிட்டது. பத்து மாதம் சுமந்தவளுக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. கல்யாணம் ஆனதும் பெண் அப்பா எழுத்தை அழித்துவிட்டுப் புருஷன் எழுத்தைப் போட்டுக்கொள்கிறாள். சுயமரியாதை பேசிய வீடுகளிலேயே இது நடந்தது. நாலாவது பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த ஊரில் இது அதிசயமில்லைதான். ஆனால் இந்த நோய்க்கு மருந்து சர்நேம் இல்லை. சர்நேம் நாடுகளில் பெண் நிலை இதைவிட மோசம். ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்பது சட்டம். 95 சதவீத ஜோடிகளில் பெயரை விடுவது பெண்தான். 2015-லும் 2021-லும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ் முறையில் அம்மா பெயரின் முதல் எழுத்தைப் போட ஒரு பேனா போதும். இந்திய பாஸ்போர்ட் விதிகளும் 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்கின்றன. பிள்ளைக்கு இரண்டு இனிஷியல் போடும் வீடுகள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகின்றன. முதலெழுத்தைத் தமிழில் எழுதச் சொல்லி 2021-ல் அரசாணை போட்ட தமிழ்நாடு அரசு, விண்ணப்பங்களில் 'தந்தை / கணவர் பெயர்' என்று இருக்கும் அந்தச் சாய்வுக் கோட்டையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

கடைசியாக அந்தப் பெட்டி. சர்வதேச விமானப் போக்குவரத்து விதி அப்படி, நாம் என்ன செய்ய முடியும் என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு தகவல். பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துக் கொடுக்கும் ஐ.சி.ஏ.ஓ. அமைப்பின் 9303 ஆவணம் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கவில்லை. 'முதன்மை அடையாளம்', 'இரண்டாம் அடையாளம்' என்றுதான் அது பேசுகிறது. பெயரைப் பிரிக்க முடியாவிட்டால் முழுப் பெயரையும் முதன்மை அடையாளத்திலேயே எழுதலாம், இரண்டாவது காலியாக இருக்கலாம். பிரச்சினை செய்வது அந்த விதி அல்ல. அதைப் படிக்காமல் 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம் வரைந்து, இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம் போட்ட மென்பொருள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, முடிந்தால் முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வையுங்கள் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறது. ஊருக்கெல்லாம் சர்நேம் கற்றுக்கொடுத்த பிரிட்டனின் அரசாங்க இணையதளமே தன் படிவங்களுக்கு அதே யோசனையைத்தான் சொல்கிறது.

இதில் பெரிய தமாஷ், அந்த இரண்டு கட்டப் படிவங்களை எழுதித் தள்ளுகிற இடங்களில் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையும் ஒன்று. எழுதுகிறவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும். சோதித்துப் பார்க்கிறவர் 'பிரியா எம்'. லாஸ்ட் நேம் கட்டத்தில் ஒற்றை எழுத்து போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை' என்று பிழைச் செய்தி வர வேண்டும் என்று எழுதி, வருகிறதா என்று சோதித்து, சரியாக வருகிறது என்று சான்றிதழும் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போகிறார்கள். அவர்கள் பெயரையே அந்தப் படிவம் ஏற்காது.